போகாதே என்று சொன்ன நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

பல்கலைக்கழகத்தில் எங்கள் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் இந்த வாரம் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. அரசாங்கம் விசா விதியை மறுபடியும் மாற்றியிருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வரப் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். அது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நேற்று ஓர் ஆராய்ச்சி மாணவி, நம் மொழிக்காரி, டிக்கெட்டும் கையுமாக வந்தாள். வீட்டைப் பார்த்து மூன்று வருடமாயிற்றாம்.

“போனா திரும்பி வர விடுவாங்களா, மேடம்?”

“தெரியலம்மா. நானா இருந்தா போகமாட்டேன்.”

பொலபொலவென்று அழுதாள். பக்கத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “குடுங்க, நானும் எழுதறேன்” என்று என் மேசையில் குவிந்திருந்த அனுமதி விண்ணப்பங்களில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாலைக்குள் வரிசையில் நின்ற நாற்பது பேருக்கும் எழுதி முடித்துவிட்டோம். கிளம்பும்போது, “நீங்க எப்ப மேடம் ஊருக்குப் போறீங்க?” என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

அப்பா, அந்த விதி இங்கே வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கும் உண்டு. தம்பி கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

நானும் அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், என் பிறப்புச் சான்றிதழின் நகல் இரண்டு அனுப்புங்கள். எனக்கென்று எடுத்த புடவையை அம்மா கட்டிக்கொள்ளட்டும். வேண்டாம் என்பாள், விடாதீர்கள்.

மாணவர்கள் அலுவலகக் கதவைத் தட்டுகிறார்கள், எழுந்தாக வேண்டும்.

உங்கள் மூத்தவள்