படியிறங்கி வந்த கம்ப்யூட்டர்

என் தோஸ்த்துக்கு,

இன்று காலை கம்ப்யூட்டர் அறைப் பக்கம் போனேன். பள்ளி திறந்து முதல் வாரம். வாசலில் புது ஷூக்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றிலிருந்தும் அந்தப் பசை வாசம். ஆம்பூரில் ஜூன் மாதத்துக்கென்று ஒரு வாசம் உண்டென்றால் அது இதுதான். இப்போதெல்லாம் ஷூவோடு உள்ளே போகலாம், கழற்ற வேண்டியதில்லை என்று தலைமையாசிரியையான நானே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கேட்பதாக இல்லை. அக்கா கழற்றினாள், தங்கையும் கழற்றுகிறாள். அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற புது டீச்சர் என்ன மேடம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவருக்குச் சொல்லத் தொடங்கினால் முதல் பீரியட் போய்விடும். அதனால் உனக்கே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் கேள். உயிரோடு இருந்தபோது என்னை எங்கே பேசவிட்டாய் நீ?

மேல்விஷாரத்தில் பிறந்து, ஆம்பூருக்கு வாழ வந்து, எங்கள் பெண்கள் பள்ளியில் தற்காலிகக் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தாய். நான் கணக்கு டீச்சர். முதல் நாளே என் பெயரைக் கேட்காமல் "ஏ கணக்கு" என்று கூப்பிட்டாய். எனக்குக் கோபம் வந்தது. சாயங்காலத்துக்குள் அது போயும் போய்விட்டது. உன்னிடம் கோபத்தை வைத்துக்கொள்வது பெரிய வேலை. அதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை, திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் இருந்தன.

அப்போது பள்ளியில் இருந்தவை மூன்றே கம்ப்யூட்டர்கள். மாடியறையில் பூப்போட்ட துணி உறைக்குள் அவை உட்கார்ந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் தினமும் முறை வைத்துத் துடைப்பார்கள். தூசு உள்ளே போய்விடக் கூடாதென்று செருப்பு, ஷூ எல்லாவற்றையும் வெளியே விட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அந்த மூன்றையும் ஆண்டுவிழா முடிந்ததும் பையன்கள் பள்ளிக்கு அனுப்பிவிடப் போவதாகத் தாளாளர் சொன்னார். இரண்டு பள்ளிக்கும் அவர்தான் தாளாளர். அங்கே பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் தொடங்குகிறார்களாம். கம்ப்யூட்டர் போனால் பெண்களுக்கு அந்த வகுப்பு போய்விடும். வகுப்பு போனால் உன் வேலையும் போய்விடும். அவர் கெட்ட மனிதர் இல்லை. ரொம்பப் பொறுமையாகத்தான் கேட்டார், "பொண்ணுங்க இத்தினி நாளா இத வெச்சுக்கினு இன்னா பண்ணிட்டாங்க, சொல்லுங்க?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். நீ தேடவே இல்லை. ஆண்டுவிழாவுக்குள் பள்ளிக்கு ஒரு வெப் பேஜ் செய்து எல்லோர் முன்னாலும் காட்டுகிறோம், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாய். கணக்கு டீச்சரும் கூட இருப்பார் என்று என்னையும் சேர்த்து இழுத்துவிட்டாய். வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்து நிறுத்தி, வெப் பேஜ் என்றால் என்னவென்றாவது தெரியுமா என்று கேட்டேன்.

"எனக்கும் ஜாஸ்தி தெரியாது. எல்லாம் தெரிஞ்சுக்கினு பண்றதுன்னா எப்ப பண்றது?" என்றாய்.

எங்கிருந்தோ, வெப் பேஜ் செய்கிற எடிட்டர் சாஃப்ட்வேர் இருக்கும் ஒரு சி.டி.யைக் கொண்டு வந்தாய். அதில் எழுத்தைத் தட்டினால் எழுத்து வரும். படத்தை வேண்டிய இடத்தில் வைத்தால் அங்கேயே உட்காரும். பின்னால் அதற்குரிய கம்ப்யூட்டர் கோட் வரிகளை எடிட்டரே எழுதிக்கொள்ளும். ஒருநாள் தெரியாத்தனமாக அந்தப் பின்பக்கத்தைத் திறந்துவிட்டேன். திரை முழுக்க அடைப்புக்குறிகள், ஏதேதோ எண்கள். பக்கத்தையே கெடுத்துவிட்டேன் என்று அலறினேன். நீ நிதானமாக வந்து மூடினாய். "உள்ள எட்டிப் பாக்காத கணக்கு. பிரியாணி துண்றவங்க அடுப்பாண்ட போய் நிப்பாங்களா?" என்றாய்.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் மாடிக்கு ஓடி வருவார்கள். பக்கத்துக்கு என்ன நிறம் என்பதற்கே ஒரு வாரம் சண்டை. ரோஸ் ஜெயித்தது. 'வெல்கம்' என்ற எழுத்து இடமிருந்து வலமாக ஓடவேண்டும் என்றது ஒரு கட்சி, வலமிருந்து இடமாக என்றது இன்னொரு கட்சி. இரண்டையும் ஓடவிட்டாய். நடுவில் எரிகிற ஒரு குத்துவிளக்கு, அதற்குக் கீழே பறக்கிற புறா. பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும் என்றேன். நல்லா இருக்குது, இன்னும் ரெண்டு புறா போடலாம் என்றாள் ரேவதி. மாதனூர்ப் பெண். மவுஸைப் பிடித்தாளென்றால் பிடுங்கத்தான் வேண்டும். அவள் அப்பா ஷூ கம்பெனியில் வேலை செய்தார்.

அடுத்து படங்கள். உன் தம்பி ஷூ கம்பெனி சாம்பிள் பிரிவில் இருந்தான். வெளிநாட்டுக்கு மெயிலில் அனுப்புவதற்காக மாதிரி ஷூக்களைப் படமெடுக்கும் டிஜிட்டல் கேமரா அவன் கையில் இருந்தது. கெஞ்சி அவனையும் கேமராவையும் ஒரு மதியத்துக்கு வரவழைத்தாய். வகுப்பு வகுப்பாகப் பெண்களை நிற்கவைத்து எடுத்தோம். மறுநாளே ஊரெல்லாம் செய்தி, பிள்ளைகள் படத்தை நெட்டில் போடப் போகிறார்களாம். முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து என்று பாகுபாடே இல்லாமல் எல்லா வீட்டு அப்பாக்களும் வந்து நின்றார்கள். ரேவதியின் அப்பா ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். எவன் எவனோ பாப்பான். மூஞ்சி மட்டும் வாணாம். மூஞ்சி போட்டா, அவ கம்ப்யூட்டர் கிளாஸுக்கு வர மாட்டா."

உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு பிரசங்கத்துக்கு நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் நீ, சரிண்ணா, ஒரு மூஞ்சியும் வராது என்று வாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டாய். பெண்கள் பள்ளியின் பக்கத்தில் பெண்களே இல்லாமல் என்ன காட்டுவது என்று உன்னைத் திட்டினேன்.

"மூஞ்சி இல்லாட்டி இன்னா? கை இருக்குது, ஜடை இருக்குது, காலு இருக்குது."

உன் தம்பி மறுபடி வந்தான். கீபோர்டில் மருதாணி விரல்கள். பிரேயரில் பின்னாலிருந்து ரிப்பன் கட்டிய இரட்டைச் சடைகள். எல்லாமே கொஞ்சம் ஆடிப்போய் வந்தன. கம்ப்யூட்டர் அறை வாசலில் கழற்றிவிட்ட ஷூக்களை எடுத்தபோது மட்டும் தையல் தையலாகத் தெரிந்தது. இந்தக் கேமராவுக்கு ஷூவை விட்டால் வேறெதுவும் பழக்கமில்லை என்றான். அந்தப் படத்தையே பக்கத்தின் உச்சியில் வைத்தோம்.

ஆண்டுவிழா அன்று மைதானத்தில் பந்தல். ஒரு ஷூ கம்பெனி தன் கம்ப்யூட்டரையும், பெரிய திரையில் காட்டும் கருவியையும் கொடுத்து உதவியிருந்தது. நாம் நம் பக்கத்தை ஒரு பிளாப்பியில் போட்டு, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோனோம். முன்வரிசையில் தாளாளர். பின்னால் ஊரே. ரேவதி பிளாப்பியைப் போட்டாள். ரோஸ் நிறம் வந்தது. வெல்கம் இரண்டு பக்கமும் ஓடியது. படங்கள் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் சின்னதாகச் சிவப்புப் பெருக்கல் குறி. விளக்கும் இல்லை, ஒரு புறாவும் இல்லை.

பெருக்கல் குறியைப் பார்த்து நான் அப்படிப் பயந்தது அந்த ஒரு நாள்தான். ஆல்பத்தில் ஒட்டிய போட்டோ போலப் படங்கள் பக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன என்று நாம் இருவரும் நம்பியிருந்தோம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். உன் வேலை போச்சு என்று நினைத்தேன். ரேவதி ஒரு கட்டத்தின் மேல் மவுஸை வைத்து எதையோ படித்தாள். பிறகு யாரும் கூப்பிடாமல் மைக்குக்குப் போனாள்.

"படம் எங்கயும் போகல. எங்க கம்ப்யூட்டர்ல இந்த எடத்துல இருக்குதுன்னு மட்டும்தான் இதுல எழுதியிருக்குது. படமெல்லாம் மேல ரூம்ல பத்திரமா இருக்குது."

"அப்போ ரூமையே எறக்கிக் கொண்டாந்துடலாம்" என்றாய் நீ.

நான் தடுப்பதற்குள் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவிட்டார்கள். சற்று நேரத்தில் மாடிப்படியிலிருந்து ஊர்வலம் இறங்கியது. பூப்போட்ட உறையோடு சி.பி.யு.வை நான்கு பேர் சீர்த்தட்டு மாதிரி ஏந்தி வந்தார்கள். முன்னால் ஒருத்தி வழி விடுங்க, வழி விடுங்க என்று கத்திக்கொண்டு வந்தாள். ஒயர்களை ஒருத்தி தோளில் மாலையாகப் போட்டிருந்தாள். கனமான மானிட்டரை ரேவதியின் அப்பா மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். தாளாளர் எழுந்தே நின்றுவிட்டார், பிள்ளைகள் கீழே போட்டுவிடப் போகிறார்கள் என்றார்.

"தெனமும் அவங்க தொடச்சு வெக்கிற பொருளு சார். போட மாட்டாங்க" என்றாய். பிறகு என் பக்கம் குனிந்து, "கணக்கு, மூச்சு விடு" என்றாய்.

வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோதும் நர்சம்மாவுக்கு இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் கதையில் மானிட்டரைச் சுமந்து வந்தவர் தாளாளர். அநியாயப் பொய்! நர்சம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது, திருத்தவில்லை. இப்போது பொய் சொல்ல ஆளில்லாமல் உண்மையை நானே சொல்லவேண்டியிருக்கிறது. உன் நினைவு வராத நாளில்லை.

ரேவதி ஒயர்களை ஒவ்வொன்றாக மாட்டினாள். பக்கம் திறந்ததும் உச்சியில் ஷூக்கள் வந்தன, திரையளவுக்குப் பெரிதாக. ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை செய்கிற ஒரு அம்மா எழுந்து நின்று, "அந்த மூணாவது ஜோடி நான் தெச்சது" என்றார். உடனே இன்னொருவர், ஐந்தாவது என்னுடையது என்றார். அதன்பிறகு யார் பேசுவதும் கேட்கவில்லை. விரல் வந்தபோது அது யார் விரல், சடை வந்தபோது அது யார் சடை என்று குடும்பம் குடும்பமாகக் கண்டுபிடித்துக் கை தட்டினார்கள். தாளாளர் மைக்கை வாங்கினார். பையன்கள் பள்ளிக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம், இந்த மூன்றும் இங்கேயே இருக்கட்டும் என்றார். நான் அழுதேன், ஒப்புக்கொள்கிறேன். நீ அழவில்லை. சி.பி.யு.வை மறுபடி மேலே ஏற்ற ஆள் பிடித்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் ரேவதியின் அப்பா மகளோடு மாடிக்கு வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மிஸ், நம்ம பொண்ணு மூஞ்சி இப்ப போடலாங்களா?"

ஜெயித்துவிட்டோம் என்று நான் துள்ளினேன். தாராளமாகப் போடலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீ அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ரேவதியைப் பார்த்தாய்.

"உனக்கு இன்னா வேணும்?"

அந்தப் பெண்ணை அதுவரை யாருமே கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டாமென்று சொன்னபோதும் அப்பாதான் சொன்னார், வேண்டுமென்றபோதும் அப்பாதான். ரேவதி நிதானமாக யோசித்தாள்.

"மூஞ்சி வாணாம் மிஸ். இந்தப் பேஜ் நாங்க பண்ணதுன்னு கீழ எங்க பேரு வரணும்."

நீ நாற்காலியை விட்டு எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தாய். எல்லாப் பெண்களின் பெயர்களையும் அவளே தட்டினாள், தன் பெயரைக் கடைசியாக. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. எது உன் பேரு என்று கேட்டார். அவள் காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். திரையில் கை வைக்கக் கூடாது என்ற நம் விதியை நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

தலைமையாசிரியை அறைக்கு, இந்த நாற்காலிக்கு நான் வந்த பிறகு எத்தனையோ பேர் வந்து நிற்கிறார்கள். டி.சி. கொடுங்க, கல்யாணம் வெச்சிருக்குது என்பார்கள். சயின்ஸ் குரூப்பிலேயே போடுங்க என்பார்கள். ஹாஸ்டல் வாணாம் என்பார்கள். பெண் பக்கத்திலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்புகிறேன். மற்ற நேரமெல்லாம் கணக்கு டீச்சர் தமிழ்தான் பேசுகிறேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என் வாயில் உன் மேல்விஷாரத் தமிழ் வந்துவிடுகிறது.

"உனக்கு இன்னா வேணும்?"

உன்,
கணக்கு