வேதசாட்சிகள் பகிடி விட்டார்களா?

அக்கா, இன்று காலை ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது. திருப்பிப் போடக் கரண்டியைத் தூக்கிய கை அப்படியே நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் ஒன்பது வருடம் இருந்தோம். விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட ஆதி வேதசாட்சிகளின் கதைகளில் நகைச்சுவை பற்றிய கட்டுரை நம் இருவர் பெயரிலும் கிடந்து இழுபட்டது. நெருப்பின் மேல் இரும்புக் கட்டிலில் கிடத்தப்பட்டவர், ஒரு பக்கம் வெந்தாயிற்று, திருப்பிப் போடுங்கள் என்று சொன்னதாக வருமே, அந்த இடம் வந்தாலே நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். பூசைக்கு முதல் ஆளாகப் போகிறவர் இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாகிறவன் பகிடி விடமாட்டான், பின்னால் எழுதினவன் ஒட்டவைத்தது என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"நீர் இன்னும் சாகேல்லை. அதுதான் உமக்குத் தெரியேல்லை" என்றீர்கள்.

முடிவுரையை நான் என் பக்கமாகவே எழுதினேன். நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள்.

பிறகு ஆஸ்பத்திரி. கடைசி நாள் மத்தியானம், ஹந்தானை மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. முதுகில் புண் வராமலிருக்கத் தாதி உங்களைச் சரித்துப் படுக்கவைத்தாள். கண் மூடியபடிதான் கிடந்தீர்கள். அப்போது கேட்டது.

"இந்தப் பக்கம் வெந்திட்டுது, பிள்ளை. மற்றப் பக்கம் திருப்புங்கோ."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று தாதி முறைத்தாள். சொன்னேன். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். மூன்று நாளாகத் தொண்டையில் குழாய் இருக்கிறதே, இவர் எப்படிப் பேசுவார் என்றாள். குழாய் இருந்தது, அக்கா. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு மணித்தியாலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

செத்த வீட்டில் இதைச் சொன்னேன். எல்லோரும் அழுகையோடு சிரித்தார்கள். இப்போது கண்டியில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். நீங்கள் கையைத் தூக்கித் தாதியை ஆசீர்வதித்ததாகவும் யாரோ சேர்த்துவிட்டார்கள். இப்படிக் கதைகள் எப்படி வளரும் என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். எனக்குப் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும். நீங்கள் பேசவில்லை, நான்தான் ஒட்டவைத்தேன் என்றால் என் முடிவுரை சரி. ஆனாலும் அதை அழித்துவிட்டேன். நீங்கள் வடக்கு, நான் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், அக்கா. உங்களோடு இத்தனை வருடம் கதைத்தும் என் வாயில், கனவில்கூட, "வெந்துருச்சு" என்றுதான் வரும். அன்று என் காதில் விழுந்தது, இன்னும் விழுந்துகொண்டிருப்பது, "வெந்திட்டுது".