பதினொரு கூடுகள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம், உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒரு சின்ன விஷயம். அழிந்துவரும் நாரைகள் கூடு கட்டிய இடத்தில் சட்டப்படி சாலை போட முடியாது. இங்கே புதுச் சாலை வரப்போகும் இடத்தை நான் நேரில் பார்த்து, பதினொரு கூடுகள் என்று அறிக்கை கொடுத்தேன். மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டு, "ஒண்ணுமே இல்லன்னு மாத்தி எழுதும்மா. தனியா இருக்கற பொண்ணு, எதுக்கு வம்பு?" என்றார். நான் மாற்றவில்லை.

மறுநாள் கூடுகள் இருந்த மரங்களெல்லாம் வெட்டப்பட்டுக் கிடந்தன. இப்போது என் அறிக்கைதான் பொய்யாம்! நாளை விசாரணை.

கூடுகளின் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் கடிதமே வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். ஒரு நல்ல பூட்டும், வாசல் கொடியில் தொங்கவிட உங்கள் பழைய சட்டை ஒன்றும் அனுப்புங்கள்.

வாசலில் ஜீப் வந்துவிட்டது. இன்றைக்கே வரச் சொன்னார்களாம். இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

உங்கள் மகள்