வலப்பக்கம் நின்றவன்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நலம். நீயும் மகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். பிள்ளை இரவில் தூங்கவிடுகிறதா, மாப்பிள்ளை எழுந்து உதவுகிறாரா என்று எழுது. என் சமையலை நம் நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

வியாபாரம் சுமார். மட்டக்குதிரை இரண்டையும் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். அரபுக் கலப்புக் குதிரையைப் பார்க்கத் தினம் ஒருவர் வருகிறார், பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், டீ குடித்துவிட்டுப் போகிறார். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த உயரக் குதிரை சும்மா நின்று தீவனத்தைக் காலி செய்கிறது.

நேற்று போனில் எல்லாம் நல்லபடி என்றேன். அது பொய். உன் குரலைக் கேட்டதும் வழக்கம்போல அதுதான் வாயில் வந்தது. அதனால் எழுதுகிறேன். குதிரை லாரி டிரைவர் நாளை அந்தப் பக்கம் வருகிறார், உன் கையிலேயே கொடுப்பார்.

நீ போன பிறகு சந்தையில் நெற்றி வெள்ளை உள்ள ஒரு செம்மண் நிறப் பெட்டையை வாங்கினேன். விற்ற மீசைக்காரர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை வலப்பக்கமே நின்றார். நான் அதன் கால் அழகில் மயங்கிவிட்டேன். கொட்டகைக்கு வந்ததும் வலப்பக்கமாகத் தண்ணீர் வாளியை வைத்தேன், குதிரை மிரண்டு துள்ளியது. வலக் கண்ணருகே தொப்பியை வீசிப் பார்த்தேன், இமைக்கவே இல்லை. அந்தக் கண் குருடு.

ஊரே குதிரை வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு போகிறது. நானே ஏமாந்தேன் என்று தெரிந்தால் சந்தையில் தலைகாட்ட முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து உன் தம்பி வந்தான். அவன் மகளுக்குக் குதிரை வேண்டுமாம். வேறு இரண்டைக் காட்டினேன். அவனுக்கு அந்த நெற்றி வெள்ளைதான் பிடித்தது. “நீங்க இருக்கும்போது நான் எதுக்கு அத்தான் பாக்கணும்?” என்று சொல்லிப் பணத்தை எண்ணி வைத்தான். நானும் வாங்கிக்கொண்டு குதிரையைக் கொடுத்துவிட்டேன்.

நீ கேலி செய்வாயே, விற்கும்போது நான் எந்தப் பக்கம் நிற்கிறேனோ அந்தப் பக்கம்தான் கோளாறு என்று. அன்று நான் வலப்பக்கம் நின்றேன். உன் கூடப் பிறந்தவனிடம்.

இன்று சொல்லிவிடுவது என்றுதான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மகள் குதிரையை நடத்திக்கொண்டு வந்தாள், வலப்பக்கமாக. குதிரையை இடப்பக்கம் நின்றுதான் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான். ஏன் இப்படிப் பிடிக்கிறாய் என்று கேட்டேன்.

“இந்தப் பக்கம் யாராவது வந்தா திடுக்குன்னு பயப்படுது மாமா. நான் இங்க நின்னா அதுக்குப் பயமில்ல” என்றாள்.

உன் தம்பி சிரித்தான், புது இடம் இல்லையா, போகப் போகப் பழகிவிடும் என்று. நானும் தலையாட்டினேன். அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வரும் ஞாயிறு அவளை முதல்முறையாக ஏற்றப் போகிறார்களாம். அவள் மேலே உட்கார்ந்துவிட்டால் அந்தப் பக்கம் நிற்க யார் இருக்கிறார்கள்?

ஒரு உதவி செய். கடிதம் கிடைத்ததும் தம்பிக்குப் போன் போட்டு, நான் வரும்வரை பிள்ளையை ஏற்ற வேண்டாம் என்று மட்டும் சொல். ஏன் என்று கேட்டால், அத்தானே வந்து சொல்வார் என்று சொல்லிவிடு. நீ அப்படிச் சொல்லிவிட்டால் எனக்கு வேறு வழி இருக்காது. என்னை நம்பி விட்டுவிடாதே.

பேத்தியை என் சார்பில் ஒருமுறை தூக்கிக்கொள். அவள் நன்றாக இருக்கட்டும். எந்தப் பிள்ளையும் விழாமல் இருக்கட்டும்.

உன்
வீட்டுக்காரன்