பைப் போட்டு முறுக்கியவனுக்கு

சாக்கின் கட்டை அவிழ்த்ததுமே உன் வாடை அடித்தது. மண்ணெண்ணெயும் காய்ந்த பசையும் தேக்குத் தூளும் கலந்த வாடை. உன் வீட்டுக்காரிதான் ஆட்டோவில் கொண்டுவந்து என் பட்டறை வாசலில் இறக்கினாள். "அண்ணே, இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு கடசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஏன்னு கேட்டா வாயவே தொறக்கல" என்றாள். திறக்க வேண்டிய நேரத்தில் அந்த வாய் என்றைக்குத் திறந்தது? அவளிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

சாக்குக்குள், ஒட்டிய பலகைகளைப் பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கிற நாலு இரும்புக் கிளாம்புகள் கிடந்தன. நாம் இரண்டு பேரும் கூட்டாக ரெட்டியார்சத்திரத்தில் பட்டறை போட்ட புதிதில், திண்டுக்கல் கடைவீதிக்குப் போய் வாங்கியவை. அன்றைக்கே நமக்குள் தகராறு. நடுத்தரமாக எட்டு வாங்குவோம், பலகை ஒட்டும்போது நெருக்கி நெருக்கி வைத்தால் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழும், லேசாக இறுக்கினாலே போதும் என்று நான் சொன்னேன். நீ கடைக்காரர் முன்னால் கெக்கலித்துச் சிரித்தாய். "ஏலே, துணி காயப்போடுற கிளிப்பா வாங்க வந்தோம்?" கடையிலேயே கனமான நாலைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டாய். கனமாக இருந்தால் நல்லது, சத்தமாகச் சொன்னால் உண்மை. உன் புத்தி அவ்வளவுதான்.

அதோடு விட்டாயா? கிளாம்பின் கைப்பிடிக் கம்பியில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, அதில் தொங்காத குறையாக முறுக்குவாய். மரம் கிறீச்சிடும். பூசிய பசை அத்தனையும் கொழகொழவென்று தரையில் வழியும். "போதும் மாப்ளே, உள்ள ஒட்டுறதுக்குப் பசை வேணாமா?" என்று கத்துவேன். "அம்புட்டு இறுக்குனாத்தான் சென்மத்துக்கும் விடாது" என்பாய்.

சித்தையன்கோட்டையில் என் தங்கை வீடு கட்டியபோது, தலைவாசல் கதவு அண்ணன் சீர் என்று நானே ஏற்றுக்கொண்டேன். பலகை பலகையாகப் பார்த்து எடுத்தேன். நான் இழைத்தேன், நான் பசை பூசினேன், நீ முறுக்கினாய். பைப்பை வெளியே எடு என்று அன்றைக்கும் சொன்னேன். நீ கேட்கவில்லை. மேலே கையை வைத்துத் தடுக்காமல் விட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

முதல் சித்திரை வெயிலுக்கே பலகைகள் விட்டுப்போயின. சாத்திய கதவின் நடுவே வெளிச்சம் கோடாகத் தெரிந்ததாம். குடிபோன வருஷமே வாசல் கதவு பிளந்தால் சும்மா இருப்பார்களா? தங்கையின் மாமியார் ஆள் அனுப்பினார். இருவரும் போய் நின்றோம். நான் வாயெடுப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"இவருதான் பசையில தண்ணி கலந்துட்டாப்ல. நான் என்னத்தம்மா கண்டேன், முறுக்குறதுதான் என் சோலி."

அடப் பாவி! எத்தனை லகுவாக வந்தது உனக்கு அந்தப் பொய். தங்கை என்னையே பார்த்தாள். "என் வீட்டுக் கதவுக்குமாண்ணே?" என்றாள். சத்தியம் செய்து பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை. அந்த வாரமே நம் கூட்டு முறிந்தது. கிளாம்புகளை நீயே வைத்துக்கொள் என்று விட்டெறிந்துவிட்டு வந்தேன். போன வருஷம் தங்கை மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் நான் உயிரோடு இருக்க, ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் போய் மாமன் மாலை போட்டான். எனக்குப் பத்திரிகைகூட வரவில்லை. உன் சாவுக்கு வந்தேன், மாலை போடாமல் திரும்பினேன். எனக்குப் போட அனுமதியில்லாத மாலையை உனக்கு எதற்குப் போட வேண்டும்?

இப்போது இந்தச் சாக்கு. முதல் கிளாம்பை எடுத்துக் கைப்பிடியைப் பிடித்தால், கைக்குள் அடங்கிவிட்டது. நாலையும் எடுத்துப் பார்த்தேன். நாலிலும் கைப்பிடிக் கம்பியை இருபுறமும் அறுத்திருக்கிறாய். இனி எந்தப் பைப்பையும் செருக முடியாது. அறுத்த முனையை அரம் போட்டு வழவழப்பாக்கி இருக்கிறாய். அதன் மேல் துரு படிந்து பழுத்திருக்கிறது. நேற்று முந்தாநாள் செய்த வேலையில்லை, வருஷக்கணக்காயிற்று. கதவு எதனால் பிளந்தது என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

ஒரு கிளாம்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு சித்தையன்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். தங்கை வாசலிலேயே நின்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இரும்புப் பட்டை அடித்த அந்தக் கதவு. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள்.

"இரும்பு பேசுமாண்ணே? அந்த ஆளுல்ல வந்து சொல்லியிருக்கணும்" என்றாள்.

உள்ளே வா என்று சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன்.

இன்று காலை புதுக் கதவு ஒன்றுக்குப் பலகை ஒட்டினேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் செய்கிறேன். வாங்கிக்கொள்வாளா என்பதும் தெரியாது. என் சின்னக் கிளாம்புகளோடு உன் நாலையும் சேர்த்துப் போட்டேன். நீ அறுத்த கைப்பிடி ஓர் அளவுக்கு மேல் திரும்ப மறுத்தது. இணைப்பு நெடுகப் பசை கடுகு கடுகாக எட்டிப் பார்த்தது, அதற்கு மேல் ஒரு சொட்டு வழியவில்லை. அவ்வளவுதான் வர வேண்டும். தொழிலை எவ்வளவு சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறாய்!

அதுதான் எனக்கு ஆறவில்லை. இரும்பை அறுக்க இம்புட்டு நேரம் இருந்திருக்கிறதே உனக்கு. அந்த நேரத்தில் ஒரு பஸ் ஏறி, அந்த வாசலில் நின்று, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் மருமகளுக்கு நான் மாலை போட்டிருப்பேனடா.