மெஷினுக்குச் சொன்ன ‘வேண்டாம்’

12.9.1996, வியாழன்

விரல்கள் முடங்கியதிலிருந்து கணினியிடம் பேசியே புரோகிராம் எழுதுகிறேன். இந்தச் சம்பளக் கணக்கு புரோகிராம் ஓடாவிட்டால் வேலையை விட்டுவிடுவதாக இருந்தேன். என் ஆங்கிலம் அதற்குச் சரியாகப் பிடிபடவில்லை. அதனால், ஒரு வரியை அழிக்க ‘வேண்டாம்’ என்ற சொல்லைப் பழக்கியிருந்தேன்.

இன்று அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் செல்வி ஒரு கோப்பை கோப்பி நீட்டினாள். மரியாதைக்கு “வேண்டாம்” என்றேன். திரையில் ஒரு வரி போயிற்று. பதறிப்போய், “ஐயோ, வேண்டாம்!” என்றேன். இன்னொன்றும் போயிற்று.

“எனக்குச் சொன்னீங்களா அக்கா, மெஷினுக்கா? குடிங்க லா!” என்று சிரித்தபடி கோப்பையை என் வாயருகே பிடித்தாள்.

இரண்டு வரிகளையும் மறுபடி சொன்னேன். மாலையில் புரோகிராம் ஓடியது. நம்பாமல் மீண்டும் ஓட்டினேன், ஓடியது. எல்லோரும் போனபின் மெஷினிடம் “நன்றி” என்றேன். திரையில் ஏதோ ஓர் ஆங்கிலச் சொல் வந்து விழுந்தது. நாளைக்கு அழித்துக்கொள்ளலாம்.