நாக்கு வைத்துப் பார்த்த தண்ணீர்

டிசம்பர் 14
எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் சங்கீதா எழுதுகிறாள். காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆச்சு. குழம்பில் இன்றைக்கும் உப்பில்லை. உப்பு விளைகிற மரக்காணத்தில் உட்கார்ந்துகொண்டு உப்பில்லாத குழம்பு! இதையும் எழுது என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுதுகிறாள்.

டிசம்பர் 15
ஒரு மாத மழையை இரண்டே நாளில் கொட்டிவிட்டுப் போனது வானம். கொசுவும் காய்ச்சலும் மிச்சம். அப்புறம் மூன்று வாரமாக ஒரு சொட்டு இல்லை. நெல் கதிர் வாங்குகிற நேரம். கிணற்றில் கடல் ஏறிக் கெட்டுவிட்டது. வாய்க்கால்தான் கதி.

டிசம்பர் 16
பக்கத்து உப்பளத்துப் பஞ்சநாதன் வந்தான். "பெரியப்பா, மழையில பாத்தியெல்லாம் ரொம்பிடுச்சு. உப்புத் தண்ணிய வாய்க்கால்ல வுட்டிருக்கேன். மூணு வாரம் மடைய தொறக்காதீங்க."
"ஏம்பா, எனக்கே தண்ணி பாக்கக் கத்துத் தர்றியா? எழுபத்தெட்டுல உங்கப்பன் கரைய வெட்டி என் பயிரைக் கருக்கினான். ஆவணி, செவ்வாக்கிழமை."
போய்விட்டான்.

டிசம்பர் 17
வாய்க்கால் தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கு வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. பொய்யன். என் பயிர் காய வேண்டும், நிலம் அவன் உப்பளத்தோடு சேர வேண்டும். வேறென்ன? சுனாமிக்கு மறுவருஷம் ஊரே இந்த நாக்கைக் கேட்டுத்தான் நட்டது. மடையைத் திறந்தேன்.

டிசம்பர் 23
நுனியெல்லாம் கருகல்.

டிசம்பர் 26
பாதி வயல் போச்சு. டீக்கடையில் பஞ்சநாதன் சட்டையைப் பிடித்தேன். "நான் நல்ல தண்ணியதான்டா வுட்டேன். பின்னாடி நீ உப்பைக் கலந்துட்டே."
"நான் சொன்னேன்ல பெரியப்பா" என்றான்.
போலீசுக்கு மனு எழுது என்றேன் சங்கீதாவிடம். "கஞ்சியக் குடிங்க மாமா, எழுதறேன்." உப்பில்லை என்றேன். உப்புச் சாடியை எதிரில் வைத்தாள். ஒரு கை போட்டேன். இன்னொரு கை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு உப்புக்கல்லை எடுத்து நாக்கில் வைத்தேன்.
மணல் மாதிரிக் கிடந்தது.
"மனு எழுதட்டுமா மாமா?"
வேண்டாம்.

ஜனவரி 3
பாதி வயல் இன்னும் பச்சை. பஞ்சநாதனை மடைக்குக் கூப்பிட்டேன். அவன் அப்பன் மேல் கோபம் போகவில்லை, அது வேறு. "வாயில வச்சுப் பாத்துச் சொல்லு" என்றேன். என் முகத்தைப் பார்த்தான். குனிந்து, அள்ளி, துப்பினான்.
"இன்னும் ரெண்டு நாள் போவட்டும் பெரியப்பா."
நான் மடையைத் தொடவில்லை.